அலகாகிவிட்ட ஒரு டிப்ளமோக்காரர்

வோல்ட், ஆம்பியர், ஓம், வாட், ஹென்றி... இவை எல்லாமே மனிதர்களின் பெயரில் வந்தவை. முதல் வருஷத்திலேயே இது நமக்குச் சொல்லித் தரப்பட்டது. இரண்டாம் வருஷத்தில் வசதியாக மறந்தும் போயிற்று. இவர்கள் எல்லோரும் நூறு, இருநூறு வருஷத்துக்கு முந்தையவர்கள். தாடியும் கோட்டுமாகப் புத்தகத்தின் ஓரத்தில் ஒரு கட்டத்துக்குள் இருப்பார்கள். நமக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றே நினைத்திருந்தேன்.

ஆனால் நம்மைப் போலவே டிப்ளமோ வாங்கிய ஒருவரின் பெயரும் ஓர் அலகாக இருக்கிறது. உயிரோடு இருந்தபோதே அது நடந்துவிட்டது. அவர் 2004ஆம் ஆண்டு காலமானார். இந்த மலரைப் படிக்கும் முதல் வருஷத் தம்பி தங்கைகளில் பெரும்பாலோர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள். அவர் பெயர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு. சி.டி. ஸ்கேன் என்று ஊரெல்லாம் சொல்கிறோமே, அந்த மெஷினைச் செய்தவர்.

எனக்கு அவர் அறிமுகமானது லைப்ரரியில் அல்ல, ஒரு ஸ்கேன் சென்டரில். எங்கள் அப்பத்தாவுக்கு ரொம்ப நாளாக மூச்சிரைப்பு. பீடி, சுருட்டு எதையும் தொட்டதில்லை. ஆனால் ஐம்பது வருஷம் விறகு அடுப்பின் முன்னால் உட்கார்ந்து ஊதாங்குழலால் ஊதியவர். டாக்டர் சி.ஓ.பி.டி. என்றார். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். ஒரு குழாயில் பலமாக ஊதச் சொல்லி டெஸ்ட் எடுத்தார்கள். அரை நூற்றாண்டு அடுப்பை ஊதிய மனுஷிக்கு அந்தக் குழாயை ஊத முடியவில்லை. இருமல் வந்து பாதியிலேயே நின்றுபோகும். கடைசியில் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள்.

அங்கே மெஷினை இயக்கியவர் நல்ல மனிதர். நான் எலக்ட்ரிகல் படிக்கிறேன் என்று தெரிந்ததும் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். நுரையீரலில் கன்னங்கரேலென்று இருந்த ஓர் இடத்தில் மௌஸால் சின்ன வட்டம் போட்டார். பக்கத்தில் மைனஸ் 960 என்று ஓர் எண்ணும் எச்.யூ. என்ற இரண்டு எழுத்தும் வந்தன. அது என்ன சார் யூனிட் என்று கேட்டேன். ஹவுன்ஸ்ஃபீல்டு யூனிட், அது ஒரு ஆளோட பேரு தம்பி, அவரும் டிப்ளமோதான், நானும் டிப்ளமோதான் என்று சொல்லிச் சிரித்தார். அன்றைக்குப் பிடித்த ஆர்வம்தான் இந்தக் கட்டுரை.

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில் நியூவர்க் என்றொரு சிறிய ஊர். அதன் பக்கத்துக் கிராமத்தில் ஒரு விவசாயியின் ஐந்து பிள்ளைகளில் கடைசிப் பிள்ளையாக வளர்ந்தவர் ஹவுன்ஸ்ஃபீல்டு. பிறந்த தேதி 28.8.1919. கிராமத்தில் பொழுதுபோக்கு என்று எதுவும் கிடையாது. ஆனால் பண்ணையில் மெஷின்கள் இருந்தன. பையனுக்கு அது போதுமானதாக இருந்தது. பத்துப் பதினோரு வயதிலிருந்தே எதையாவது கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்திருக்கிறார். தானே மின்சார ஒலிப்பதிவுக் கருவி செய்து பார்த்தார். இறக்கை மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு வைக்கோல் போரிலிருந்து குதித்துப் பார்த்தார். தார் பீப்பாயில் தண்ணீரை நிரப்பி, அசிட்டிலின் வாயுவைக் கொளுத்தி, பீப்பாய் எவ்வளவு உயரம் போகிறது என்று பார்த்தார். அந்தச் சோதனையில் ஆளே போயிருக்க வேண்டியது! நம் ஒர்க் ஷாப்பில் கேஸ் வெல்டிங் செய்தவர்களுக்கு அசிட்டிலின் எப்பேர்ப்பட்ட சரக்கு என்று தெரியும். தயவுசெய்து யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் கணக்கிலும் இயற்பியலிலும் மட்டும்தான் மனசு ஒட்டியது. மற்றதெல்லாம் சுமார். காலேஜுக்குப் போகவில்லை. 1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்ட சமயம் விமானப் படையில் சேர்ந்தார். அங்கே கிடைத்தது ரேடார். கையில் கிடைத்த ரேடியோ புத்தகங்களைத் தானாகவே படித்துத் தேறி, ரேடார் மெக்கானிக்குகளுக்குப் பாடம் நடத்தும் இன்ஸ்ட்ரக்டர் ஆனார். லண்டனிலும் பிறகு கிரான்வெல் ரேடார் பள்ளியிலும் வேலை. வகுப்பில் பின்வரிசை ஆளுக்கும் தெரிய வேண்டும் என்று பெரிய திரை வைத்த ஆசிலாஸ்கோப் ஒன்றைத் தானே கட்டினார். (நம் லேபில் ஒரு ஆசிலாஸ்கோப்பைச் சுற்றி எட்டுப் பேர் நின்று தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பதை நினைத்தால் அவர் அருமை புரியும்.) அந்த வேலைக்காக 1945இல் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அங்கிருந்தபடியே சிட்டி அண்ட் கில்ட்ஸ் தேர்வும் எழுதிப் பாஸ் செய்தார்.

அவர் வேலையைக் கவனித்த விமானப் படை உயர் அதிகாரி ஒருவர் உதவியதால், போர் முடிந்த பிறகு படிக்க உதவித்தொகை கிடைத்தது. லண்டன் ஃபாரடே ஹவுஸ் எலக்ட்ரிகல் என்ஜினியரிங் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவர் வாங்கியதுதான் டிப்ளமோ. அப்போது வயது முப்பதை நெருங்கிவிட்டது. யூனிவர்சிட்டிப் பட்டம் என்று அவர் படித்து வாங்கியது எதுவும் கடைசிவரை கிடையாது. பின்னால் கௌரவமாகக் கொடுக்கப்பட்ட பட்டங்கள் வேறு விஷயம்.

இதை வைத்து, பார்த்தீர்களா, பி.இ. எல்லாம் எதற்கு என்று வாதம் பண்ண நான் வரவில்லை. ஹாஸ்டலில் அந்த வாதம் ஏற்கெனவே போதுமான அளவு நடக்கிறது. ஃபாரடே ஹவுஸ் சாதாரணக் கல்லூரி இல்லை. இன்ஜினியர்கள் மத்தியில் மதிப்புள்ள கல்லூரி. அவரும் ஆறேழு வருஷம் ரேடாரோடு புரண்டுவிட்டு அங்கே போனவர். கையில் தொழில் வந்த பிறகு படிப்பு வந்தது. நமக்கு அது தலைகீழாக நடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

டிப்ளமோ முடித்ததும் மிடில்செக்ஸில் இருந்த ஈ.எம்.ஐ. கம்பெனியில் சேர்ந்தார். நாய் ஒன்று கிராமபோன் குழாய் முன்னால் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் படம் போட்ட எச்.எம்.வி. இசைத்தட்டுகள் நம் தாத்தா காலத்து வீடுகளில் இருந்தனவே, அந்தக் கம்பெனிதான். பாட்டு ஒரு பக்கம், ராணுவத்துக்கு ரேடார் ஒரு பக்கம் என்று அவர்களுக்கு இரண்டு வியாபாரம். ஹவுன்ஸ்ஃபீல்டு ரேடார் பக்கம் போனார். பிறகு கம்ப்யூட்டர் பக்கம். 1958 வாக்கில் அவர் தலைமையில் ஒரு குழு ஈமிடெக் 1100 என்ற கம்ப்யூட்டரைக் கட்டியது. முழுக்க டிரான்சிஸ்டரால் ஆன கம்ப்யூட்டர்களில் பிரிட்டனின் முன்னோடி அது. அன்றைய டிரான்சிஸ்டர் வால்வைவிட மந்தம். அதற்குக் காந்த கோர் மூலம் உந்துதல் கொடுத்து வேகப்படுத்தினார். எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் இதைப் படித்துவிட்டுச் சாரிடம் விளக்கம் கேட்கலாம்.

அடுத்து எடுத்த வேலை தோல்வி. பத்து லட்சம் சொற்களைத் தாங்கும் மெல்லிய படல மெமரி ஒன்றை உருவாக்க முயன்றார். வியாபாரத்துக்குத் தேறாது என்று நிறுத்திவிட்டார்கள். பெரும்பாலான கம்பெனிகளில் இதோடு ஆளை ஓரங்கட்டிவிடுவார்கள். இங்கே அவரை, கொஞ்ச நாள் யோசித்து, அடுத்து என்ன செய்யலாம் என்று நீரே சொல்லும் என்று விட்டுவிட்டார்கள். என்னைக் கேட்டால் சி.டி. ஸ்கேனின் உண்மையான ஆரம்பம் இந்த இடம்தான்.

ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு நீண்ட தூரம் நடப்பது பிடிக்கும். 1967இல் அப்படி ஊர்ப்புறமாக நடந்துகொண்டிருந்தபோது அந்த யோசனை வந்தது. மூடிய பெட்டி ஒன்று இருக்கிறது. திறக்கக் கூடாது. எல்லாக் கோணத்திலிருந்தும் கதிரைப் பாய்ச்சி, மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று மட்டும் அளந்தால், உள்ளே எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாமே!

நாம் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாலு கட்டம். மேல் வரிசையில் இரண்டு, கீழ் வரிசையில் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஓர் எண் ஒளிந்திருக்கிறது. மேல் வரிசையின் கூட்டுத்தொகை 5, கீழ் வரிசை 9. இடது நெடுக்கு 6, வலது நெடுக்கு 8. எண்களைச் சொல்லுங்கள் பார்ப்போம். மேலே 1, 4. கீழே 5, 4 என்று ஒருவன் சொல்வான். இன்னொருவன் மேலே 0, 5. கீழே 6, 3 என்பான். இரண்டும் சரிதான்! இரண்டு பக்கமிருந்து மட்டும் பார்த்தால் உண்மை பிடிபடாது. இப்போது குறுக்காக ஓர் அளவு சேர்ப்போம்: இடது மேல் கட்டமும் வலது கீழ்க் கட்டமும் சேர்ந்தால் 5. உடனே இரண்டாமவன் அவுட். முதல் விடை ஒன்றுதான் நிற்கும். சி.டி. ஸ்கேன் என்பது இந்தக் கணக்குத்தான். நாலு கட்டத்துக்குப் பதில் ஆயிரக்கணக்கான கட்டம், ஐந்து அளவுக்குப் பதில் ஆயிரமாயிரம் அளவு.

சாதாரண எக்ஸ்ரேயில் இது கிடையாது. முன்னால் இருக்கும் விலா எலும்பு, நடுவில் இருதயம், பின்னால் முதுகெலும்பு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே நிழலில் விழுந்துவிடும். பத்துப் பேர் நிழலை ஒரே சுவரில் பார்த்து யார் மூக்கு எது என்று கண்டுபிடிப்பது மாதிரி.

முதல் சோதனை மெஷினை மெக்கானிகல் நண்பர்கள் மனக்கண்ணில் பார்க்க வேண்டும். ஒரு பழைய லேத்தின் பெட்! அதன்மேல் பொருளை வைத்து, நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொரு டிகிரியாகத் திருப்பி அளந்தார்கள். கதிருக்கு அமெரிசியம் என்ற கதிரியக்கத் தனிமம். அது ரொம்பப் பலவீனமான கதிர் ஆதலால் ஒவ்வோர் அளவுக்கும் காத்திருக்க வேண்டும். சுமார் 28,000 அளவுகள் எடுத்து முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. அதைப் படமாக்கப் பெரிய கம்ப்யூட்டருக்கு இரண்டரை மணி நேரம். அதன்பின் அமெரிசியத்தைக் கழற்றிவிட்டு எக்ஸ்ரே டியூப் மாட்டினார்கள். ஒன்பது நாள் ஒன்பது மணி நேரமாயிற்று.

பாடம் செய்து வைத்திருந்த மனித மூளை ஒன்றை முதலில் வைத்துப் பார்த்தார்கள். படம் அற்புதமாக வந்தது. மூளையின் வெள்ளைப் பகுதியும் சாம்பல் பகுதியும் தனித்தனியாகத் தெரிந்தன. வேறு யாராக இருந்தாலும் அன்றே பத்திரிகைக்குச் சொல்லியிருப்பார்கள். இவருக்குச் சந்தேகம். மூளையை ஊறப்போட்ட ஃபார்மலின் வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டுகிறதோ? புதிதாக அறுத்த மாட்டின் மூளையை வரவழைத்துத் திரும்பவும் எடுத்தார். சந்தேகம் சரி. வித்தியாசம் முன்பைவிடக் குறைவுதான். ஆனாலும் விவரங்கள் தெரிந்தன. அந்தக் குறைந்த விடையைத்தான் அவர் நம்பினார். எக்ஸ்பெரிமென்ட் முடியும் முன்னே ரெக்கார்டு நோட்டில் ரீடிங் எழுதும் நமக்கு (என்னையும் சேர்த்துத்தான்) இந்த இடம் கொஞ்சம் சுடும்.

லண்டன் விம்பிள்டன் பகுதியில் இருந்த அட்கின்சன் மார்லி ஆஸ்பத்திரியில் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ் என்ற எக்ஸ்ரே டாக்டர் கைகொடுத்தார். 1.10.1971 அன்று அங்கே முதல் நோயாளிக்கு மூளை ஸ்கேன் எடுக்கப்பட்டது. மூளையின் முன்பகுதியில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்மணி. அளவுகள் டேப்பில் பதிவாகி, வேறிடத்துக் கம்ப்யூட்டருக்குப் போய்த்தான் படம் வந்தது. நீளத்தில் 80, அகலத்தில் 80 என்று வெறும் 6,400 கட்டங்கள் கொண்ட படம். இன்றைக்கு நம் செல்போனில் வரும் மிகச் சின்ன ஐகான் அளவு! ஆனால் அதில் கட்டி இருந்த இடம் கறுப்பு வட்டமாகத் தெளிவாகத் தெரிந்தது. மண்டையைத் திறக்காமல் மூளையை அப்படிப் பார்த்தது உலகத்தில் அதுதான் முதல் தடவை. 1972இல் விஷயம் வெளியே தெரிந்தது. அதன்பின் எல்லா நாட்டு ஆஸ்பத்திரிகளும் கேட்டு வந்தன.

பீட்டில்ஸ் பாட்டுக் குழுவின் ரெக்கார்டு விற்ற பணத்தில்தான் ஈ.எம்.ஐ. இந்த ஆராய்ச்சியை நடத்தியது என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்கைத் தோண்டிப் பார்த்தவர்கள், கம்பெனியைவிட பிரிட்டிஷ் அரசின் சுகாதாரத் துறைதான் அதிகம் செலவு செய்தது என்று காட்டியிருக்கிறார்கள். அதாவது மக்கள் வரிப்பணம். பாட்டுக் கம்பெனிக்கு மெடிக்கல் வியாபாரம் கடைசியில் ஒத்துவரவில்லை. அமெரிக்க, ஜெர்மன் கம்பெனிகளின் போட்டியில் நஷ்டப்பட்டு, 1980 வாக்கில் ஸ்கேனர் தொழிலையே கைகழுவிவிட்டது.

1979இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வந்தது. கூடவே பங்கு பெற்றவர் ஆலன் கார்மாக் என்ற தென்னாப்பிரிக்காவில் பிறந்த இயற்பியலாளர். அவர் இதே கணக்கைத் தனியாகப் போட்டு 1963, 1964ஆம் ஆண்டுகளில் கட்டுரை வெளியிட்டிருந்தார். அனேகமாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் அது தெரியாது. இருவருமே டாக்டருக்குப் படித்தவர்கள் இல்லை. பி.எச்.டி.யும் இல்லை. மருத்துவத்துக்கு நோபல்!

பணம் வந்த பிறகும் மனிதர் மாறவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நெடுநாள் சொந்த வீடு என்றும் ஒன்று இல்லை. நடை, பியானோ, வேலை. 1981இல் சர் பட்டம் கொடுத்தார்கள்.

இனி நுரையீரலுக்கு வருவோம். அப்பத்தாவின் மைனஸ் 960க்கும்தான்.

முதல் மெஷின் தலைக்கு மட்டும். ஒரு படத்துக்கு நாலைந்து நிமிஷம் ஆகும். தலையை அசையாமல் பிடித்து வைக்கலாம். நுரையீரலை எப்படி நிறுத்துவது? 1975இல் உடம்பு முழுவதையும் எடுக்கும் ஸ்கேனர் வந்தபோதுதான் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் சுமார் 20 விநாடிக்குள் ஒரு படம் என்பது சாத்தியமாயிற்று. இன்றைய மெஷின்கள் முழு நெஞ்சையும் சில விநாடிகளில் முடித்துவிடுகின்றன.

ஹவுன்ஸ்ஃபீல்டு அளவுகோல் ரொம்ப எளிது. தண்ணீர் பூஜ்யம். காற்று மைனஸ் 1000. எலும்பு பல நூறு பிளஸ். நுரையீரல் காற்றும் சதையும் கலந்தது ஆதலால் நடுவில் வரும். மூச்சை நன்றாக உள்ளே இழுத்த நிலையில் நல்ல நுரையீரல் மைனஸ் 850ஐ ஒட்டி இருக்கும். இந்த எண்ணோடு 1000ஐக் கூட்டினால் ஒரு லிட்டர் நுரையீரலில் எத்தனை கிராம் சரக்கு என்று ஏறத்தாழக் கிடைத்துவிடும். மைனஸ் 850 என்றால் 150 கிராம். மைனஸ் 950 என்றால் வெறும் 50 கிராம். சி.ஓ.பி.டி.யில் எம்ஃபைசீமா என்ற வகையில் காற்றறைகளின் சுவர்கள் கிழிந்துபோய், சின்னச் சின்ன அறைகள் எல்லாம் பெரிய காலிப் பைகளாகிவிடும். அந்த இடம் வெற்றுக் காற்று. ஆகவே, மைனஸ் 950க்குக் கீழே எத்தனை சதவீதம் இருக்கிறது என்று கம்ப்யூட்டரை எண்ணச் சொன்னால், நுரையீரல் எவ்வளவு பாழாகியிருக்கிறது என்று தெரியும். 1988இல் மைனஸ் 910ஐ எல்லையாக வைத்து இந்த மாதிரி எண்ணிப் பார்த்தார்கள். பிறகு, அறுவையில் எடுத்த நுரையீரலைப் படத்தோடு ஒப்பிட்டு 1995இல் மைனஸ் 950 சரியான எல்லை என்று காட்டினார்கள். லேத் பெட் மேல் பிறந்த ஒரு எண் நோயின் அளவாக மாறிவிட்டது.

மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவும் இது உதவுகிறது. பரம்பரையாக ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் என்ற புரதம் குறைவாக உள்ள சிலருக்கு இளவயதிலேயே எம்ஃபைசீமா வரும். அந்தப் புரதத்தை ஊசி வழியாக ஏற்றும் சிகிச்சை பல வருஷமாக உண்டு. ஆனால் பலன் இருக்கிறதா என்று ஊதும் டெஸ்டில் தெரியவே இல்லை. 2015இல் வெளியான ரேபிட் என்ற ஆய்வில் 180 பேரை இரண்டு வருஷம் ஸ்கேன் மூலம் கவனித்தார்கள். முழு மூச்சு இழுத்து எடுத்த படங்களில், மருந்து ஏற்றியவர்களுக்கு நுரையீரல் அடர்த்தி ஆண்டுக்கு லிட்டருக்கு 1.45 கிராம் குறைந்தது. வெறும் போலி மருந்து ஏற்றியவர்களுக்கு 2.19 கிராம். வித்தியாசம் முக்கால் கிராம்தான்! மருந்து நோயைக் குணப்படுத்தவில்லை, தேய்மானத்தை மெதுவாக்கியது. அந்த முக்கால் கிராமைப் பார்க்க ஊதும் டெஸ்டால் முடியவில்லை.

ஆனால் மீட்டரை நம்புவதற்கு முன் மீட்டரைச் சோதிக்க வேண்டும் அல்லவா? இதிலும் ஏமாறுவதற்கு இடம் நிறைய. நோயாளி இரண்டாம் முறை மூச்சைக் குறைவாக இழுத்தால் நுரையீரல் சுருங்கி அடர்த்தி கூடிவிடும். நோய் குணமானது போலப் படம் பொய் சொல்லும். மெஷினுக்கு மெஷின் அளவு கொஞ்சம் மாறும். இன்னொரு வேடிக்கை, சிகரெட்டை விட்டவர்களின் நுரையீரல் அடர்த்தி முதல் இரண்டு வருஷத்தில் குறையும். அதாவது எண்ணைப் பார்த்தால் மோசமானது போல் இருக்கும். புகையால் வந்த வீக்கமும் அழுக்கும் வடிந்ததால் வந்த குறைவு அது. எண்ணை மட்டும் பார்ப்பவன், சிகரெட்டை விட்டது தப்பு என்று எழுதிவிடுவான்!

எங்கள் வீட்டில் பிரச்சினை வேறு விதமாக வந்தது. சித்தப்பா எங்கேயோ கேட்டுவிட்டு வந்தார். நுரையீரலில் கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்துவிட்டால் மிச்சம் நன்றாக விரியும், மூச்சு சரியாகிவிடும் என்று. இல்லையென்றால் வால்வு வைக்கிறார்களாம் என்றார். செலவுக்கு ரோட்டோர மனையை விற்றுவிடலாம் என்கிற வரை பேச்சுப் போய்விட்டது. அப்பா சம்மதித்துவிட்டார். அப்பத்தா மட்டும், என் கட்டைக்கு எதுக்குய்யா இதெல்லாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சித்தப்பா சொன்னது பொய்யில்லை. அமெரிக்காவில் 1,218 பேரை வைத்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2003இல் வந்தது. மேல் பகுதியில் மட்டும் நோய் குவிந்து, உடல் உழைப்புச் சக்தியும் குறைந்திருந்தவர்களுக்கு அந்த ஆபரேஷன் ஆயுளையே கூட்டியது. ஆனால் அதே ஆய்வில் 2001லேயே ஓர் எச்சரிக்கை வந்துவிட்டது. மூச்சுத் திறன் மிகமிகக் குறைந்து, ஸ்கேனில் நோய் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவியிருந்தவர்களும், ரத்தத்துக்குள் வாயு கடக்கும் திறன் அடியோடு குறைந்தவர்களும் சேர்ந்த பிரிவில் ஆபரேஷன் செய்த 69 பேரில் 16 சதவீதத்தினர் முப்பது நாளுக்குள் இறந்தார்கள். அதே நிலையில் மருந்து மட்டும் எடுத்தவர்களில் அந்த முப்பது நாளில் ஒருவரும் இறக்கவில்லை. ஒரே நோய், ஒரே ஆபரேஷன். யாருக்குச் செய்யலாம், யாரைத் தொடவே கூடாது என்பதைப் பிரித்துக் காட்டியதில் பாதி வேலை ஸ்கேனுடையது.

வால்வு சமாசாரமும் அப்படித்தான். மூச்சுக் குழாயின் கிளைக்குள் ஒருவழி வால்வைச் செருகிவிடுவார்கள். டையோடு மாதிரி. காற்று வெளியே வரும், உள்ளே போகாது. கெட்ட பகுதி சுருங்கிவிடும். 2018இல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி கொடுத்தது. ஆனால் நுரையீரலின் ஒரு மடலுக்கும் பக்கத்து மடலுக்கும் நடுவில் உள்ள பிளவு முழுமையாக இருக்க வேண்டும். அதில் ஓட்டை இருந்தால் பக்கத்து மடலிலிருந்து காற்று கசிந்து வந்துவிடும், வால்வு தண்டம். அந்தப் பிளவு முழுசா, பாதியா என்பதையும் ஸ்கேன் படத்தில்தான் முதலில் பார்க்கிறார்கள். வால்வு வைத்த பிறகு அந்த மடல் எத்தனை மில்லி சுருங்கியது என்று அளப்பதும் ஸ்கேன்தான்.

டாக்டர் அப்பத்தாவின் படங்களைத் திரையில் ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினார். மேலே, கீழே, வலது, இடது எல்லா இடத்திலும் சமமாகக் கறுப்புப் புள்ளிகள். எதை வெட்டுவது, எதை விடுவது? பிளவும் பாதிதான் இருந்தது. ஆபரேஷன் பேச்சே வேண்டாம், வால்வும் வேண்டாம் என்றார். சித்தப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. இன்னொரு டாக்டரிடம் அதே படத்தை எடுத்துப் போனார். அவரும் அதையே சொன்னார். மனை அப்படியே இருக்கிறது.

இன்ஹேலரைச் சரியாக உறிஞ்சுவது எப்படி என்று நர்ஸ் அம்மா மூன்று தடவை சொல்லிக் கொடுத்தார். நாலாவது தடவைதான் பிடிபட்டது. அதுவரை மருந்தில் பாதி வாயிலேயே தங்கிப் போயிருக்கிறது! விறகு அடுப்பை இடித்தாகிவிட்டது. வெந்நீர் போடக்கூட விறகு கூடாது என்று அம்மா கறாராக இருக்கிறார்கள். கிழிந்த காற்றறைகள் திரும்ப ஒட்டாது. அது எனக்குத் தெரியும், அப்பத்தாவுக்கும் தெரியும். ஆனால் இப்போது வாசலிலிருந்து பிள்ளையார் கோவில் வரை நடுவில் ஒரு தடவை மட்டும் உட்கார்ந்து போய்விட்டு வருகிறார். முன்பு மூன்று தடவை உட்காருவார்.

ஹவுன்ஸ்ஃபீல்டு 1986இல் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகும் ஆஸ்பத்திரிகளுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார். 12.8.2004 அன்று, தம் 84ஆம் வயதில் காலமானார். ஸ்கேன் துறையில் அடுத்த கட்டமாக, செனான் வாயுவை மூச்சாக இழுக்கச் செய்து எம்.ஆர்.ஐ.யில் காற்றோட்டத்தையே படமாகப் பார்க்கும் முறைக்கு 2022 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது. அதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது.

ஸ்கேன் சென்டரில் பார்த்த அந்த எண்ணை அப்பத்தாவிடம் சொன்னபோது, பூஜ்யம்னா தண்ணியா, ஆயிரம்னா காத்தா, அப்ப எனக்கு நாப்பது மார்க்குதானா என்று கேட்டார். பாஸ் மார்க் அப்பத்தா என்று சொல்லி வைத்திருக்கிறேன்.